பன்றிக்குத் தெரிவது விளக்கா, வேட்டைக்காரனா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இருட்டு பற்றியவை. ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ராத்திரியில் காட்டுப்பன்றி சுடும் வீடியோக்களை யூடியூபில் பார்ப்பேன் சார். துப்பாக்கி மேல் ஒரு ஸ்கோப், அதோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டார்ச். 850 நல்லது என்கிறார் ஒருவர், 940 நல்லது என்கிறார் இன்னொருவர். பன்றிக்கு அது சுத்தமாகத் தெரியாது என்று ஒரு கோஷ்டி. டார்ச்சைப் போட்ட அடுத்த நொடியே மந்தை ஓடிவிட்டது, நானே பார்த்தேன் என்று சத்தியம் செய்கிற கோஷ்டி இன்னொன்று. எதை நம்புவது?

பதில்: இரண்டு கோஷ்டியும் பொய் சொல்லவில்லை. பன்றி ஓடியது உண்மை. எதைப் பார்த்து ஓடியது என்பதில்தான் தகராறு.

முதலில் டெக்சாஸ் நிலவரம். அங்கே இருபது லட்சத்துக்கும் மேல் காட்டுப்பன்றி இருப்பதாகக் கணக்கு. வீட்டுப் பன்றியாகவும் வேட்டைக்காகவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள் அவை. ஒரே ராத்திரியில் ஒரு வயலை உழுது போட்டதுபோல் கிளறிவிட்டுப் போகும். அதனால் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதம் இருந்தால், 2019-லிருந்து வேட்டை உரிமம்கூட இல்லாமல் சுடலாம், ராத்திரியிலும் சுடலாம். துப்பாக்கிச் சூட்டில் அடிபட்டு உஷாரான மந்தை பகலில் தலையே காட்டாது. இருட்டில் பார்க்கிற கருவிகளுக்கு அங்கே இவ்வளவு பெரிய சந்தை வந்தது இப்படித்தான்.

டிஜிட்டல் ஸ்கோப்புக்குள் இருப்பது நம் செல்போன் கேமராவில் இருக்கும் அதே ஜாதி சிலிக்கான் சென்சார். ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள், நீங்கள் கேட்ட 850, 940 எல்லாம் அந்தக் கணக்குதான். சிலிக்கானுக்கு ஏறக்குறைய 1100 நானோமீட்டர் வரை ஒளி தெரியும். நம் கண் 700-ஐத் தாண்டியதும் திணற ஆரம்பித்துவிடும். இந்த இடைவெளியில் 850-லோ 940-லோ ஒரு எல்இடி விளக்கைப் போட்டால் ஸ்கோப்புக்கு வெளிச்சம், நமக்கு இருட்டு. வீடியோவில் புல்லெல்லாம் பனி பெய்ததுபோல் வெள்ளை வெளேரென்று தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். பச்சை இலை இந்த ஒளியில் பாதியளவுக்குத் திருப்பி அடிப்பதால் வருகிற வெள்ளை அது.

இனி பன்றியின் கண். நிறம் காண நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள், பன்றிக்கு இரண்டுதான். ஒன்றின் உணர்திறன் உச்சம் 439 நானோமீட்டர் பக்கம், நீலத்துக்கு. மற்றொன்று 556 பக்கம். நம் மூன்றில் சிவப்புப் பக்கமாக அதிகம் சாய்ந்த கூம்பு இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான், 560-க்குக் கொஞ்சம் கீழே. அதாவது சிவப்புப் பக்கத்தில் பன்றியின் பார்வை எங்கே மங்குகிறதோ, நம்முடையதும் கிட்டத்தட்ட அங்கேயே மங்குகிறது. பன்றிக்கு நம்மைவிட அதிகமாக அகச்சிவப்பு தெரிய உடலமைப்பில் எந்தக் காரணமும் இல்லை. வெள்ளைவால் மானின் நிலைமை இன்னும் மோசம். அதன் நீண்ட அலைக் கூம்பின், அதாவது சிவப்புப் பக்கம் சாய்ந்த கூம்பின், உச்சமே 537-ல்தான் இருக்கிறது.

ஆனால் மங்குவது என்றால் சுவர் வைத்து அடைத்ததுபோல் நின்றுவிடுவதில்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளி 700 வரை என்று படித்துவிட்டு, 701-ல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு நீண்ட சரிவு. 780 நானோமீட்டரில் நம் கண்ணின் உணர்திறன், பச்சை ஒளிக்கு இருப்பதில் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. இன்னும் ஐம்பது நானோமீட்டர் தள்ளினால் கோடியில் நாலைந்து பங்கு. பூஜ்யம் மட்டும் இல்லை. 1947-லேயே ஜார்ஜ் வால்டும் உடன் வேலை செய்தவர்களும் நல்ல பலமான விளக்கை வைத்து, மனிதக் கண்ணுக்கு 1000 நானோமீட்டர் பக்கம்கூட மிகச் சொற்பமாக ஒளி தெரிகிறது என்று அளந்து காட்டினார்கள்.

இதனால்தான் 850 டார்ச்சின் முகப்பை நேராகப் பார்த்தால் அணையப்போகும் பீடித் துண்டு மாதிரி ஒரு மங்கல் சிவப்பு தெரிகிறது. எல்இடி என்பது ஒரே அலைநீளத்தை மட்டும் துல்லியமாக உமிழ்கிற பொருளும் இல்லை. 850 என்று அச்சடித்திருந்தாலும் கொஞ்சம் 820-லும் 810-லும் கசியும். அந்தச் சிவப்பு உங்களுக்குத் தெரிகிறதென்றால் பன்றிக்கும் ஏதோ ஒரு மினுக்கம் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு என்ற நிறம் அதன் உலகத்தில் இல்லை, அதனால் மங்கலான ஒரு புள்ளியாகத் தெரியும். அதுவும் பீமுக்கு நேராக நின்று டார்ச்சையே பார்த்தால்தான். தன் மேலும் தரை மேலும் விழுகிற வெளிச்சம் அதற்குத் தெரியாது.

940-ல் அந்த மினுக்கமும் போய்விடும். டிவி ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் இதே 940 தான், ரிமோட்டின் முனையில் என்றைக்காவது சிவப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம் ஏன் எல்லோரும் 940 வாங்குவதில்லை என்றால், சிலிக்கானும் அங்கே சோர்ந்துபோகிறது. அதே பவரில் 850 எட்டுகிற தூரத்தை 940 எட்டாது. தூரமா, மறைவா என்ற பேரம்தான் உங்கள் யூடியூப் சண்டை முழுவதும். என்னைக் கேட்டால், பன்றியைப் பொறுத்தவரை 850-ஐத் திட்ட ஒன்றும் இல்லை.

அப்படியானால் மந்தை ஓடியதே? அடுத்த முறை அந்த வீடியோக்களில் ஆளைக் கவனியுங்கள். ஸ்கோப்புக்குள் ஒரு குட்டித் திரை எரிந்துகொண்டே இருக்கிறது. கண்ணை ஒட்டி வைத்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் போதும், அந்தத் திரையின் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்து, கும்மிருட்டில் ஒரு வெளிறிய முகம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அது அகச்சிவப்பே இல்லை, சாதாரண வெளிச்சம், பன்றிக்கு நன்றாகவே தெரியும். அடுத்தது டார்ச்சின் பொத்தான். பன்றியின் காது ஏறக்குறைய 40 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20 ஆயிரத்தோடு சரி. அமைதியான வயலில் அந்த 'டிக்' நமக்கே கேட்கிறது. இத்தனைக்கும் மேல் காற்று. காற்று ஆளின் பக்கமிருந்து பன்றியின் பக்கம் திரும்பிய நொடியில் எந்த டார்ச் இருந்தும் பயனில்லை, வாசனை போய்ச் சேர்ந்துவிடும். டார்ச்சைப் போடுவதும், பொத்தான் சத்தமும், உடம்பை அசைத்து ஸ்கோப்பில் முகம் வைப்பதும் ஒரே நொடியில் நடக்கின்றன. ஓடியதும் பழி விழுவது மட்டும் டார்ச் மேல்.

உங்கள் டார்ச் எப்படி என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ராத்திரியில் நண்பரிடம் டார்ச்சைக் கொடுத்து, விலங்கு நிற்கக்கூடிய தூரத்தில் நீங்கள் போய் நின்று பாருங்கள். சிவப்பு, அகச்சிவப்புப் பக்கம் பன்றியின் பார்வையும் உங்கள் பார்வையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் உங்கள் கண்ணே போதுமான அளவுகோல். கிட்டப் போய் உற்றுப் பார்க்கக் கூடாது, லேசர் வகை என்றால் பார்க்கவே கூடாது. கண் சுருங்காமல் வாங்கிக்கொள்கிற ஒளி அது, சுடுவது தெரியாமலே விழித்திரையைக் கெடுத்துவிடும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): இருட்டில் எடுத்த படங்களில் மானுக்கும் நரிக்கும் கண் பளபளவென்று எரிகிறதே. அந்த ஒளியை அவை பார்க்கின்றன என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: அது நேர் எதிரான ஆதாரம். மான், நரி, மாடு, பூனை இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. முதல் தடவை பார்வை செல்களில் சிக்காமல் போன ஒளியை அது திருப்பி அனுப்பி, செல்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். இருட்டில் அவற்றுக்குப் பார்வை கூர்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அகச்சிவப்பு ஒளி போகும்போதும் சிக்குவதில்லை, திரும்பும்போதும் சிக்குவதில்லை, வந்த வழியே வெளியேறி உங்கள் கேமராவுக்கு வந்து சேர்கிறது. நீங்கள் பார்க்கிற பளபளப்பு, அந்தக் கண் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பிய ஒளி. பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது, அதனால்தான் பன்றி வீடியோக்களில் கண் அந்த அளவுக்கு மின்னுவதில்லை.

கேள்வி (மதுரை வாசகர்): கோடிக்கணக்கான வருஷமாகப் பரிணாமம் நடந்திருக்கிறது. ராத்திரியில் இரை தேடுகிற ஒரு மிருகத்துக்காவது அகச்சிவப்பு தெரிகிற கண் வந்திருக்க வேண்டாமா?

பதில்: நல்ல கேள்வி. தடையாக நிற்பது சூடு. கண்ணில் இருக்கும் நிறமி மூலக்கூறு ஒளி பட்டால் வடிவம் மாறும், அதுதான் பார்வையின் முதல் படி. அலைநீளம் கூடக்கூட ஒளியின் ஆற்றல் குறைகிறது, அந்தச் சொற்ப ஆற்றலுக்கே வடிவம் மாறுகிற நிறமி வேண்டுமென்றால் அது ரொம்பத் தளர்வாக இருக்க வேண்டும். அவ்வளவு தளர்வான நிறமி, ஒளியே படாவிட்டாலும் உடம்புச் சூட்டிலேயே தானாக மாறிக்கொண்டிருக்கும். கண் ஓயாமல் பொய்த் தகவல் அனுப்பும், இருட்டில் அது கண் இல்லாததைவிடத் தொல்லை. 2011-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் இந்தக் கணக்கை நன்றாகவே போட்டுக் காட்டினார்கள். 37 டிகிரி உடம்போடு அலைகிற எந்தப் பாலூட்டிக்கும் இது பொருந்தும்.

குளிர்ந்த ரத்தப் பிராணிகளுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. கலங்கல் தண்ணீரில் வாழும் நன்னீர் மீன்கள் சில, வைட்டமின் ஏ1-க்குப் பதில் ஏ2-வை நிறமியில் சேர்த்துக்கொண்டு பார்வையைச் சிவப்புப் பக்கம் தள்ளிக்கொள்கின்றன. கடலில் இருந்து ஆற்றுக்கு வரும்போது சால்மன் மீன் இதைச் செய்கிறது. 2019-ல் சீனாவில் ஒரு வேலை நடந்தது. எலியின் கண்ணுக்குள் நுண்துகள்களை ஊசியில் ஏற்றி, 980 நானோமீட்டர் ஒளியைப் பச்சையாக மாற்றிக் காட்டினார்கள், எலிக்கு அகச்சிவப்பு தெரிந்தது. ஊசி போடாத எலிகளுக்குத் தெரியவில்லை.

கேள்வி (ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாசகர்): இங்கே ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கும் நரிகளை ராத்திரியில் சிவப்புக் கண்ணாடி போட்ட பெரிய லைட் அடித்துச் சுடுகிறார்கள். முன்னெல்லாம் நின்று பார்க்கும், இப்போது லைட்டைக் கண்டதும் பறக்கிறது என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். நரிக்குச் சிவப்பு தெரியாது என்பார்களே?

பதில்: சிவப்பும் அகச்சிவப்பும் வேறு வேறு. அந்தக் கண்ணாடி வழியாக வருவது 620, 650 பக்கம் இருக்கிற சாதாரண ஒளி. நரி நாயின் இனம். நாயின் நீண்ட அலைக் கூம்பு 555-ல் இருக்கிறது. சிவப்பு அதற்கு மங்கலாகத் தெரியும், நிறம் பிடிபடாது, அவ்வளவுதான். வெள்ளை லைட்டைவிடக் குறைவாக உறுத்துகிறது என்பதற்காகத்தான் கண்ணாடி போடுகிறார்கள். ஒரு தடவை அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டு, குண்டு தவறித் தப்பித்துவிட்ட நரி அடுத்த தடவை நிற்குமா? தப்பித்ததுதானே குட்டி போடுகிறது, அது தன் குட்டிகளையும் அந்தப் பக்கம் விடாது. இங்கிலாந்திலும் இதே கதை. அங்கே நரிக்கு லைட் அடிக்கலாம், மானுக்குக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸில் 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் மானைச் சுட்டால் குற்றம். லைட்டுக்கு உஷாரான நரிகள் பெருகிய இடங்களில்தான் அகச்சிவப்பு ஸ்கோப்புக்கு மாறினார்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): தெர்மல் ஸ்கோப் என்கிறார்களே, அதுவும் ஏதாவது ஒளி வீசுமா? விலங்கு கண்டுபிடிக்குமா?

பதில்: ஒன்றும் வீசாது. விலங்கின் உடம்பிலிருந்து தானாக வருகிற வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அதன் அலைநீளம் 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரை. 850-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதனால் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். காருக்குள் உட்கார்ந்து ஜன்னலை ஏற்றிவிட்டுத் தெர்மலில் பார்த்தால் உங்கள் முகச் சூட்டின் பிரதிபலிப்புதான் தெரியும்.

ஆனால் சத்தம் உண்டு. பல தெர்மல் கருவிகளில் சென்சாரைச் சரிசெய்ய அவ்வப்போது ஒரு மூடி உள்ளே விழுந்து எழும். படம் அரை நொடி உறையும், கூடவே ஒரு 'டக்'. கிட்டத்தில் நரி இருந்தால் காது இந்தப் பக்கம் திரும்பும். அனுபவமுள்ளவர்கள் அதைத் தானியங்கியில் விடாமல் கைக்கு மாற்றிவைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். திரை வெளிச்சப் பிரச்சினை இதிலும் அப்படியே இருக்கிறது.

கேள்வி (நீலகிரி வாசகி): பாம்புக்கு அகச்சிவப்பு தெரியும் என்று டிவியில் சொன்னார்கள். அப்படியானால் இந்த டார்ச்சை அடித்தால் பாம்பு பார்த்துவிடும் அல்லவா?

பதில்: எல்லாப் பாம்புக்கும் இல்லை, குழிவிரியன்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும். அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியனும் உங்கள் பக்கத்து மலபார் குழிவிரியனும் ஒரே குடும்பம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு சின்னக் குழி, அதற்குள் மெல்லிய சவ்வு. எலியின் உடம்புச் சூடு பட்டு அந்தச் சவ்வு துளி சூடாவதை நரம்பு உணர்கிறது. இதைச் செய்யும் மூலக்கூறு எதுவென்று 2010-ல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் குழு, வெப்பம் உணர்வது பற்றிய வேலைக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆக, குழி செய்வது தெர்மல் ஸ்கோப்பின் வேலை, டார்ச்சின் 850 அதற்குச் சம்பந்தமில்லாத சரக்கு. சில மீட்டர் தள்ளி நின்று அடிக்கிற டார்ச் அந்தச் சவ்வைச் சூடாக்காது. உங்கள் கையின் சூடு பக்கத்தில் போனால் உணரும், தயவுசெய்து சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சூட்டை உணர்கிற பாலூட்டி ஒன்று உண்டு, தென் அமெரிக்காவின் ரத்தம் குடிக்கும் வௌவால். மாட்டின் தோலில் ரத்தக்குழாய் எங்கே மேலாக ஓடுகிறது என்று மூக்கால் கண்டுபிடிக்கும். நாயின் ஈர மூக்குக்கும் கொஞ்சம் அந்தத் திறன் இருப்பதாக 2020-ல் ஸ்வீடனிலும் ஹங்கேரியிலும் சோதித்துச் சொன்னார்கள்.

கேள்வி (சத்தியமங்கலம் வாசகர்): காட்டில் ஆராய்ச்சிக்குக் கட்டும் தானியங்கி கேமராக்களில் விலங்குகள் லென்ஸையே முறைத்துப் பார்க்கிற படங்கள் நிறைய வருகின்றன. தெரியாமலா பார்க்கிறது?

பதில்: தெரிந்துதான் பார்க்கிறது, கண்ணால் மட்டும் அல்ல. 2014-ல் ஆஸ்திரேலியாவில் பால் மீக்கும் உடன் இருந்தவர்களும் பல மாடல்களை ஆய்வகத்தில் வைத்து அளந்தார்கள். கேமரா விழித்துக்கொள்ளும்போது சத்தம் போடுகிறது, சிலது நமக்குக் கேட்காத மேல் அலைவரிசையிலும் போடுகிறது. அவை வீசும் ஒளியின் ஒரு பகுதியும் பல பாலூட்டிகளுக்குத் தெரியக்கூடிய எல்லைக்குள் வருகிறது. இவை போக, கட்டிவிட்டுப் போன ஆளின் கை வாசனை பெட்டியிலேயே தங்கியிருக்கும்.

கண்ணைத் தனியாகப் பிரித்துச் சோதித்தது நியூசிலாந்தில். முயலை ஒழிக்கக் கொண்டுவந்து இப்போது பறவைகளை ஒழித்துக்கொண்டிருக்கும் ஃபெரட் என்ற பிராணி அங்கே பெரிய தலைவலி, அதைக் கண்காணிக்கும் விளக்கு அதற்கே தெரிந்தால் என்ன ஆவது என்ற கவலை. பழக்கப்படுத்திய ஃபெரட்டுகள் 870 நானோமீட்டர் விளக்கைக் கண்டுகொண்டதாக 2009-ல் எழுதினார்கள். கூண்டுக்குள், கிட்டத்தில், இரைக்காகக் கவனமாகத் தேடுகிற பிராணி என்பதை மனதில் வையுங்கள். பயந்து ஓடியது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தெரிவது வேறு, மிரளுவது வேறு. முறைத்துப் பார்த்த படம் கிடைத்திருக்கிறது என்றால் அது ஓடாமல் நின்றிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேள்வி (தேனி வாசகர்): எங்கள் மக்காச்சோளக் காட்டில் பன்றித் தொல்லை தாங்கவில்லை. இந்த டார்ச்சும் ஸ்கோப்பும் வாங்கினால் நமக்கும் உதவுமா?

பதில்: சுடுவதற்கு என்றால், கூடாது. டெக்சாஸில் பன்றி அந்நிய ஆக்கிரமிப்பு இனம், இங்கே அது சொந்தக் காட்டு விலங்கு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது, விளைச்சல் போனது என்று காரணம் சொல்லி நாமே துப்பாக்கி எடுக்க முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைத்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடுவது. எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் 940 கேமரா ஒன்றை வரப்பு மரத்தில் கட்டுங்கள். மனுவோடு அந்தப் படங்களையும் தேதி நேரத்தோடு வைத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள், நஷ்டஈட்டு விண்ணப்பத்துக்கும் அவையே உதவும்.